ஒரு வாட்டுக்கு எத்தனை லூமன்?

2007 டிசம்பரில் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட அமெரிக்க எரிசக்திச் சட்டத்தில் குண்டு பல்பைத் தடை செய்யும் வரி ஒன்றுகூடக் கிடையாது. விளக்குகளைப் பற்றி அதிலிருந்த முக்கியமான சங்கதி ஒரு சின்ன அட்டவணைதான். 750 முதல் 1,049 லூமன் வரை வெளிச்சம் தரும் வீட்டு விளக்கு 43 வாட்டுக்கு மேல் மின்சாரம் இழுக்கக் கூடாது என்றது அது. அதுவரை அந்த வெளிச்சத்துக்கு அமெரிக்கர்கள் மாட்டிவந்தது 60 வாட் பல்பு. அதேபோல் 100 வாட் பல்பின் வெளிச்சத்துக்கு உச்சவரம்பு 72 வாட், 75க்கு 53, 40க்கு 29. பெரிய பல்பில் தொடங்கி 2012க்கும் 2014க்கும் இடையில் படிப்படியாக இது நடைமுறைக்கு வரவேண்டும். ஆனால் ஊர் இதற்கு வைத்த பெயர் 'பல்புத் தடை'. 2011 ஜூலையில் இதை ரத்து செய்யும் மசோதா பிரதிநிதிகள் சபைக்கு வந்தபோது ஆதரவாக 233 வாக்குகள், எதிராக 193. மூன்றில் இரண்டு பங்கு தேவைப்பட்டதால் தோற்றது. டெக்சஸ் மாநிலமோ, தன் எல்லைக்குள் தயாராகித் தன் எல்லைக்குள்ளேயே விற்கப்படும் பல்பை மத்திய அரசின் விதி தீண்டாது என்று தனியே ஒரு சட்டம் போட்டது. 2019இல் டிரம்ப் அரசு விதியைத் தளர்த்தியது. 2022இல் பைடன் அரசு ஒரு வாட்டுக்கு 45 லூமன் என்று இறுக்கியது. 2023 ஆகஸ்டில்தான் அது முழுமையாக அமலுக்கு வந்தது. ஆக, ஒரு பல்புக்காகப் பதினாறு ஆண்டுச் சண்டை.

இந்தச் சண்டையின் அரசியல் கூச்சலை ஒதுக்கிவிடலாம். ஆனால் சுற்றுச்சூழலின் பேரால் எதிர்ப்பாளர்கள் எழுப்பிய கேள்விகளை அப்படி ஒதுக்க முடியாது. புது விளக்கில் பாதரசம் இருக்கிறதே? குளிர்நாட்டில் பல்பின் சூடு வீணாவதில்லையே? தயாரிக்கும்போதும் தூக்கி எறியும்போதும் ஆகும் சேதத்தை யார் கணக்கில் எடுத்தார்கள்? வெளிச்சம் மலிவானால் மக்கள் கூடுதலாக எரிக்க மாட்டார்களா? நான்குமே நியாயமான கேள்விகள், ஒவ்வொன்றும் ஓர் எல்லை வரை உண்மை. இவற்றை எடைபோட்ட பிறகும் அந்த அட்டவணையின் பக்கமே நான் நிற்கிறேன். காரணம், எந்தப் பொருளை மாட்டுவது என்று அது சொல்லவில்லை. என்ன பலன் வேண்டும் என்று மட்டும் சொன்னது. விளக்குச் சீர்திருத்தத்தின் மீது விழுந்த பழிகளில் பெரும்பகுதி, பலனை விட்டுவிட்டு ஒரு குறிப்பிட்ட பொருளைக் கட்டிப்பிடித்துக்கொண்ட திட்டங்களால் வந்தது.

முதலில் குண்டு பல்பின் குறை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம். மெல்லிய டங்ஸ்டன் இழையில் மின்சாரம் பாய்ந்து அதை ஏறக்குறைய 2,500 டிகிரி செல்சியசுக்குக் காய்ச்சுகிறது. காய்ந்த எந்தப் பொருளும் கதிர்வீசும். அந்தக் கதிர்களில் எவ்வளவு நம் கண்ணுக்குத் தெரியும் என்பதை வெப்பநிலை தீர்மானிக்கிறது. சூரியனின் மேற்பரப்பு 5,500 டிகிரி என்பதால் அதன் கதிர்வீச்சின் உச்சம் கண்ணுக்குப் புலப்படும் பகுதியில் விழுகிறது. இழையின் உச்சமோ அகச்சிவப்பில் போய் விழுகிறது. அதனால் உள்ளே போகும் ஆற்றலில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் கண்ணுக்குப் பயன்படாத வெப்பமாக வெளியேறுகிறது. இழையை இன்னும் காய்ச்சினால் என்ன? டங்ஸ்டன் உருகுவதற்கு 3,422 டிகிரி ஆகும் என்றாலும், அதற்கு வெகு முன்பே அது ஆவியாகித் தேய்ந்து அறுந்துவிடும். ஆகவே குண்டு பல்பில் ஆயுளும் திறனும் எதிரெதிர் தட்டுகள். கலிபோர்னியாவின் லிவர்மோர் ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் 1901 முதல் ஒரு பல்பு எரிந்துகொண்டிருப்பதைக் காட்டி, பழைய பொருளின் தரமே தரம் என்று பெருமூச்சு விடுபவர்கள் உண்டு. இன்று அது தருவது 4 வாட் இரவு விளக்கு அளவுக்கான மங்கல் ஒளி. அது நீண்ட நாள் வாழ்வதற்குக் காரணமே அது சரியாக எரியாததுதான். 1924இல் ஜெனீவாவில் கூடிய பல்பு முதலாளிகள் ஆயுளை ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் போகவிடாமல் கட்டிவைத்தது அவர்களுடைய லாபத்துக்காக என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஆயிரம் மணி நேரத்தில் ஓரளவு இயற்பியலும் இருந்தது.

60 வாட் பல்பு சுமார் 800 லூமன் தருகிறது. அதாவது ஒரு வாட்டுக்குப் பதின்மூன்று லூமன். இழையைச் சிறிய கண்ணாடிக் குப்பிக்குள் அடைத்து ஹாலஜன் வாயுவை நிரப்பினால், ஆவியான டங்ஸ்டன் திரும்ப இழையிலேயே படியும். அப்போது இன்னும் சற்றுக் கூடுதலாகக் காய்ச்ச முடியும். 2007 அட்டவணையின் 43 வாட் இதை மனதில் வைத்துப் போட்ட எண்தான். அதனால் தடை தடை என்று கத்தியவர்கள்கூட 2023 வரை அமெரிக்கக் கடைகளில் இழை உள்ள பல்பையே வாங்க முடிந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் வேறு வழியில் போனது. தெளிந்த கண்ணாடிப் பல்புகளை 100 வாட்டில் தொடங்கி 2012 வரை படிப்படியாக விலக்கியது. பால்நிறக் கண்ணாடிப் பல்புகளுக்கோ முதல் நாளே உயர்ந்த தர வரம்பை வைத்தது. அப்போது அந்த வரம்பை எட்டக்கூடியது சி.எஃப்.எல். எனும் சுருள் குழாய் விளக்கு ஒன்றுதான். எழுத்தில் பலனைச் சொன்ன விதி, நடைமுறையில் ஒரு பொருளைத் திணித்துவிட்டது. சுவிட்சைப் போட்டால் முழுதாக எரிய ஒரு நிமிடம் எடுக்கிற, முகங்களை வெளிறச் செய்கிற அந்த விளக்கின் மேல் ஐரோப்பியர்களுக்கு வந்த எரிச்சல் அப்படியே விதியின் மேல் திரும்பியது.

இப்போது பாதரசம். சி.எஃப்.எல். என்பது சுருட்டி வைத்த டியூப் லைட். குழாய்க்குள் இருக்கும் பாதரச ஆவி மின்சாரத்தால் தூண்டப்பட்டுப் புற ஊதாக் கதிரை வீசுகிறது; குழாயின் உட்பூச்சு அதைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றுகிறது. பாதரசம் இல்லாமல் அது எரியாது. அளவு சுமார் 4 மில்லிகிராம். பழைய காய்ச்சல் தெர்மாமீட்டரில் இருந்ததோ 500 மில்லிகிராம் அளவுக்கு. ஆனால் 4 மில்லிகிராம் சுழி அல்ல. குண்டு பல்பில் இருப்பது சுழி. ஆகவே சுற்றுச்சூழல் சட்டம் நஞ்சை வீட்டுக்குள் கொண்டுவருகிறது என்ற வாதம் கேட்டவுடன் பதில் சொல்ல முடியாததுபோல் தோன்றும். பதில் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கியில் இருக்கிறது. நிலக்கரியில் இயற்கையாகவே பாதரசம் உண்டு. எரிக்கும்போது அது காற்றில் போய், மழையோடு நீர்நிலையில் இறங்கி, நுண்ணுயிரிகளால் மீதைல் பாதரசமாகி, மீன் வழியாக மனிதருக்கு வருகிறது. அமெரிக்க மின்சாரத்தில் ஏறக்குறைய பாதி நிலக்கரியிலிருந்து வந்த அந்த ஆண்டுகளில், ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.012 மில்லிகிராம் பாதரசம் என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கணக்கிட்டது. 8,000 மணி நேர வெளிச்சத்துக்கு 60 வாட் குண்டு பல்பு 480 யூனிட் இழுக்கும், பாதரசம் 5.8 மில்லிகிராம். 13 வாட் சி.எஃப்.எல். 104 யூனிட், 1.2 மில்லிகிராம். அந்த சி.எஃப்.எல். கடைசியில் உடைந்து உள்ளிருந்த 4 மில்லிகிராமும் வெளியேறியதாகவே வைத்துக்கொண்டாலும் மொத்தம் 5.2தான். மோசமான நிலையிலும் நஞ்சு குறைகிறது.

ஆனால் இந்தக் கணக்கின் வித்தியாசம் மெலிதானது என்பதைக் கவனிக்க வேண்டும். அது பல்பைப் பொறுத்ததல்ல, கம்பியின் மறுமுனையைப் பொறுத்தது. அணுமின் நிலையங்களை நம்பியிருக்கும் பிரான்சிலும் நீர்மின்சாரத்தை நம்பியிருக்கும் கியூபெக்கிலும் புகைபோக்கிப் பக்கம் பாதரசம் ஏறக்குறைய இல்லை, அங்கே சி.எஃப்.எல். மாட்டினால் பாதரசம் கூடத்தான் செய்யும். யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் பல நாடுகளுக்கும் அமெரிக்க மாநிலங்களுக்கும் தனித்தனியே கணக்குப் போட்டு, நிலக்கரி மிகுந்த இடங்களில் லாபம், மற்ற இடங்களில் நஷ்டம் என்று காட்டினார்கள். எதிர்ப்பாளர்களின் வாதம் சில ஊர்களில் எண்ணளவிலேயே சரி. இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கமும் மில்லிகிராம் என்றாலும் அவற்றைச் சுமப்பவர்கள் வேறு வேறு ஆட்கள். புகைபோக்கிப் பாதரசம் ஊர் முழுக்கப் பரவி எங்கோ ஏரி மீனில் சேர்கிறது. சி.எஃப்.எல். பாதரசம் படுக்கையறையில் உடைகிறது, அல்லது அதை அடைக்கும் தொழிலாளியின் மூச்சிலும் குப்பை பொறுக்குபவரின் கையிலும் போகிறது. மொத்தம் குறைந்தது என்பது இவர்களுக்கு ஆறுதலாகாது. உடைந்த குழாயை வாக்குவம் கிளீனரால் உறிஞ்சாமல், ஜன்னலைத் திறந்துவைத்து அறையை விட்டுச் சில நிமிடம் வெளியேறச் சொன்ன அதே முகமைதான் மேற்சொன்ன கணக்கையும் போட்டது. இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை.

இந்த இடத்தில்தான் பலனைச் சொல்லும் விதிக்கும் பொருளைச் சொல்லும் திட்டத்துக்கும் உள்ள வேறுபாடு பெரிதாகிறது. இந்தியாவை எடுத்துக்கொள்வோம். இங்கே 2009இல் தொடங்கிய 'பசத் விளக்கு' திட்டம் குண்டு பல்பைக் கொடுப்பவருக்கு 15 ரூபாயில் சி.எஃப்.எல். தந்தது. மிச்சச் செலவைக் கியோட்டோ ஒப்பந்தத்தின் கார்பன் வரவுகளை விற்று ஈடுகட்டுவது ஏற்பாடு. கேரளத்தில் ஒரு கோடிக்கு மேல் விளக்குகள் வீடுகளுக்குப் போயின. வாங்கிய பழைய குண்டு பல்பு மறுபடி சந்தைக்குப் போகாமல் உடைக்கப்படுவதை உறுதிசெய்யத் திட்டத்தில் நடைமுறை இருந்தது, ஏனென்றால் கார்பன் கணக்குக்கு அது தேவை. கொடுத்த சி.எஃப்.எல். பியூஸ் போன பிறகு எங்கே போகும் என்பதற்கு அந்த அளவு ஏற்பாடு இல்லை. பாதரச விளக்குகளை மின்னணுக் கழிவு விதிகளுக்குள் கொண்டுவந்தது 2016இல்; அதற்குள் முதல் தவணை விளக்குகளில் பலவும் குப்பைமேட்டுக்குப் போயிருக்கும். நிலக்கரியை இவ்வளவு நம்பியிருக்கும் நாட்டில் மொத்தப் பாதரசக் கணக்கு அப்போதும் லாபமாகவே இருந்திருக்கும். ஆனால் கார்பனை மட்டும் எண்ணிய திட்டம், தான் விநியோகித்த நஞ்சைத் திரும்ப எண்ணவில்லை.

அமெரிக்கச் சட்டம் சி.எஃப்.எல். என்ற சொல்லில் மாட்டிக்கொள்ளாததால், அதைவிட நல்லது வந்தபோது வழிவிட ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. எதிர்ப்பாளர்கள் அதிகம் பேசாத ஒரு விஷயம் அதே சட்டத்தில் இருக்கிறது. 60 வாட் பல்புக்கு நிகரான வெளிச்சத்தை 10 வாட்டுக்குள் தரும் விளக்குக்குப் பரிசு அறிவித்தது அது. 2011இல் பிலிப்ஸ் அந்தப் பரிசான ஒரு கோடி டாலரை வென்றது. 2012இல் அதன் எல்.இ.டி. கடைக்கு வந்தபோது விலை 60 டாலர். இன்று அதைப்போன்ற ஒன்று ஓரிரு டாலர். இந்தியாவில் 2015இல் தொடங்கிய உஜாலா திட்டம் அரசு நிறுவனம் ஒன்றின் மொத்தக் கொள்முதல் மூலம் ஒரு எல்.இ.டி.யின் ஏல விலையை இரண்டே ஆண்டில் 310 ரூபாயிலிருந்து 38 ரூபாய்க்கு இறக்கியது. இதுவரை 36 கோடிக்கும் மேற்பட்ட விளக்குகள் கைமாறியிருக்கின்றன. எல்.இ.டி.யில் பாதரசமே இல்லை. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள் இப்போது சி.எஃப்.எல்.லை மட்டுமல்லாமல் டியூப் லைட்டுகளையும் 2027க்குள் உற்பத்தியிலிருந்து விலக்க ஒப்புக்கொண்டிருக்கின்றன. பாதரச வாதம் இப்படித் தோற்கடிக்கப்படாமலேயே காலாவதியானது.

அப்படியானால் சட்டம் எதற்கு, இந்தியா நாடு முழுக்கத் தடை போடாமலேயே சாதிக்கவில்லையா என்று கேட்கலாம். நல்ல விளக்கு தானே மிச்சம் பிடித்துக் கொடுக்கிறதென்றால் மக்கள் தாமாக வாங்க மாட்டார்களா? இந்த ஆட்சேபத்துக்கு வலுவான ஆய்வு ஆதாரமும் இருக்கிறது. ஹன்ட் ஆல்காட், டிமிட்ரி டாபின்ஸ்கி என்ற இரு பொருளியலாளர்கள் அமெரிக்க நுகர்வோரிடம் சி.எஃப்.எல். எவ்வளவு மிச்சம் பிடிக்கும் என்று தெளிவாகச் சொல்லிக் காட்டிப் பார்த்தார்கள். சிலர் மனம் மாறினார்கள், பலர் மாறவில்லை. அறியாமையால்தான் மக்கள் குண்டு பல்பை வாங்குகிறார்கள் என்ற காரணத்தை மட்டும் வைத்துத் தடையை நியாயப்படுத்த முடியாது, மிதமான மானியம் போதும் என்பது 2015இல் வெளியான அவர்களின் முடிவு. நியாயமான முடிவு. ஆனால் அது அன்றைய கடையில் இருந்த இரு பொருள்களுக்கு இடையிலான தேர்வை அளந்தது. விதியும் பரிசும் மொத்தக் கொள்முதலும் வேலை செய்தது நாளைய கடையில் என்ன இருக்கும் என்பதில். விற்க முடியாத 60 டாலர் விளக்கில் ஒரு நிறுவனம் பணம் போட வேண்டுமானால், சில ஆண்டுகளில் போட்டியாளரின் 60 வாட் பல்பு அலமாரியை விட்டுப் போகும் என்ற நிச்சயம் வேண்டும். இந்தியா அந்த நிச்சயத்தைக் கோடிக்கணக்கில் ஆர்டர் கொடுத்து உருவாக்கியது. அதுவும் அரசின் தலையீடுதான். கருவி மட்டும் வேறு.

வெப்ப வாதம் கேட்கச் சுவாரசியமானது. ஜெர்மனியில் ஒரு பொறியாளர் தடைக்கு உள்ளான பல்புகளையே 'சிறு வெப்பமூட்டி' என்று பெயரிட்டு விற்கப் பார்த்தார். சுங்கத்துறைக்கு அந்த நகைச்சுவை பிடிக்கவில்லை. அவர் சொன்னதில் இயற்பியல் பிழை இல்லை. பல்பின் வெப்பம் அறைக்குள்தான் இருக்கிறது. ஆனால் அறையைச் சூடாக்க அது மட்டமான வழி. அனல் மின் நிலையம் எரிபொருளின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு அளவையே மின்சாரமாக்குகிறது. எரிவாயுவை வீட்டிலேயே எரிக்கும் நவீன கொதிகலன் பத்தில் ஒன்பது பங்கை அறைக்குத் தருகிறது. தவிர, பல்பு கூரையோரம் தொங்குகிறது, கோடையிலும் சுடுகிறது. கியூபெக்கைப்போல நீர்மின்சாரத்தால் நேரடியாக வீட்டைச் சூடாக்கும் இடத்தில் குளிர்காலச் சேமிப்பு மிகச் சொற்பம் என்பது உண்மை. சென்னையிலோ சிங்கப்பூரிலோ இதே கணக்கு தலைகீழாகத் திரும்பும். பல்பு கக்கிய வெப்பத்தை வெளியே தள்ள ஏ.சி. கூடுதலாக மின்சாரம் இழுக்கும். யாருமே எதிர்பாராத ஓர் இடத்தில் வெப்பம் உண்மையில் தேவைப்பட்டது: அமெரிக்காவின் பனிப்பிரதேசங்களில் எல்.இ.டி. போக்குவரத்து விளக்குகள் சூடாகாததால் கண்ணாடியில் பனி உருகாமல் படிந்து, சிவப்பா பச்சையா என்று தெரியாமல் போனது. ஆள் வைத்துத் துடைக்க வேண்டியதாயிற்று.

எல்.இ.டி.க்கும் சுத்தமான ஜாதகம் கிடையாது. அமெரிக்க எரிசக்தித் துறை 2012இல் மூன்று வகை விளக்குகளின் முழு ஆயுளையும் ஒப்பிட்டபோது, இரண்டு கோடி லூமன்-மணி வெளிச்சத்துக்குக் குண்டு பல்பு சுமார் 15,100 மெகாஜூல், சி.எஃப்.எல்.லும் எல்.இ.டி.யும் சுமார் 3,900 என்று வந்தது. எல்லாவற்றிலும் பெரும்பங்கு எரியும்போது செலவாவதே. ஆனால் நிலத்தில் கொட்டும் கழிவு என்ற வகையில் அன்றைய எல்.இ.டி. சி.எஃப்.எல்.லைவிடச் சற்று மோசம். காரணம் அதன் வெப்பத்தைக் கடத்தும் பெரிய அலுமினியத் துண்டு. திறன் கூடக் கூட அந்தத் துண்டு சிறுத்துவிட்டது. இன்றைய குறை வேறு: 25,000 மணி நேரம் என்று அட்டைப்பெட்டி சொல்லும், ஆனால் மூடிய கூண்டில் மாட்டினால் உள்ளிருக்கும் மின்சுற்று வெந்து சீக்கிரமே போய்விடும். எல்.இ.டி. சில்லு நன்றாக இருக்கும்போதே விளக்கு முழுவதும் குப்பைக்குப் போகிறது. தயாரிப்பில் செலவான ஆற்றலை அது ஆயிரம் மணி நேரத்துக்குள் ஈட்டிவிடுவதால் ஆற்றல் கணக்கு கெடாது. கழிவுக் கணக்கு கெடுகிறது. லூமனையும் வாட்டையும் மட்டும் கேட்கும் விதியால் இதைப் பிடிக்க முடியாது. மின்சுற்றைத் தனியே மாற்றும்படி செய் என்று கேட்கும் விதி வேண்டும்.

கடைசிக் கேள்விதான் எனக்குக் கடினமானது. திறன் கூடினால் பயன்பாடு கூடும் என்று பொருளியலாளர் ஜெவன்ஸ் 1865இலேயே நிலக்கரியைப் பற்றி எச்சரித்தார். விளக்குக்கும் அது பொருந்துமா? மெழுகுவத்தி, எரிவாயு, மின்சாரம் என்று மூன்று நூற்றாண்டுக் கணக்கைத் திரட்டிய ஆய்வாளர்கள் ஜெஃப் சாவோவும் பால் வெய்டும், உலகம் தன் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய 0.7 சதவீதத்தை வெளிச்சத்துக்கு மாறாமல் செலவிட்டுவந்ததாகக் கண்டார்கள். மலிவானபோதெல்லாம் மனிதர் இருட்டை இன்னும் கொஞ்சம் விரட்டியிருக்கிறார்கள். ஆனால் வீட்டுக்குள் இந்தப் பசிக்கு எல்லை இருக்கிறது. ஒரு அறைக்கு இவ்வளவு வெளிச்சம் போதும். பெர்க்லியின் பொருளியலாளர் லூகாஸ் டேவிஸ், 2010க்குப் பிறகு அமெரிக்கரின் தலைக்கான வீட்டு மின்பயன்பாடு குறைந்ததற்கு எல்.இ.டி.யே முக்கியக் காரணம் என்று வாதிட்டார். வீட்டு விளக்குக்கு ஜெவன்சின் அச்சம் பலிக்கவில்லை.

வீட்டுக்கு வெளியே பலித்தது. 2012க்கும் 2016க்கும் இடையில் பூமியின் செயற்கை வெளிச்சப் பரப்பு ஆண்டுக்கு 2.2 சதவீதம் வளர்ந்ததாக ஆய்வாளர் கிறிஸ்டோபர் கைபாவின் குழு செயற்கைக்கோள் படங்களிலிருந்து கணித்தது. அந்தச் செயற்கைக்கோளின் உணர்விக்கு நீல ஒளி தெரியாது, வெள்ளை எல்.இ.டி.யில் நீலம் மிகுதி என்பதால் உண்மை இன்னும் மோசமாக இருக்கும் என்ற சந்தேகம் அப்போதே இருந்தது. உலகெங்கும் சாதாரண மக்கள் வெறுங்கண்ணால் நட்சத்திரங்களை எண்ணி அனுப்பிய பதிவுகளை வைத்து 2023இல் அதே ஆய்வாளர்கள் போட்ட கணக்கில் இரவு வானம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 சதவீதம் வெளுத்துக்கொண்டிருந்தது. தெருவிளக்கு, விளம்பரப் பலகை, கட்டட முகப்பு என்று யார் பில் கட்டுகிறார்கள் என்று யாரும் கேட்காத இடங்கள் இவை. பூச்சிகளும் வலசைப் பறவைகளும் இதன் விலையைக் கொடுக்கின்றன. ஒரு வாட்டுக்கு எத்தனை லூமன் என்ற அளவுகோலில் இரவு முழுக்க எரியும் ஒரு கடையின் முகப்பு விளக்கு முழு மதிப்பெண் வாங்கும். அதற்காக அளவுகோலைத் தூக்கி எறிந்துவிட்டு 60 வாட் பல்புக்குத் திரும்புவதில் பொருளில்லை. வேறு ஒன்றை அளக்கும் வேறு விதி வேண்டும். பிரான்ஸ் 2013இல் குடியிருப்பு அல்லாத கட்டடங்களின் முகப்பு விளக்குகளையும் கடை ஜன்னல் விளக்குகளையும் இரவு ஒரு மணிக்குள் அணைக்கச் சொன்னது. 2018இல் வெளிப்புற விளக்குகளின் நிறத்துக்கும் வானத்தை நோக்கிச் சிந்தும் ஒளிக்கும் வரம்பு வைத்தது. அந்த விதிகள் வாட்டைப் பற்றி அதிகம் கவலைப்படுவதில்லை. எத்தனை மணி வரை, எந்தத் திசையில், எந்த நிறத்தில் என்றுதான் அவை கேட்கின்றன.